பொடிசுகளோடு பொள்ளாச்சி, உடுமலை: இரண்டு நாள் கார் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

கோவையிலிருந்து பொள்ளாச்சி சுமார் 40 கிலோமீட்டர். நால்வழிச் சாலை. பெரியவர்கள் மட்டும் போனால் ஒரு மணி நேரத்துக்குள் காந்தி சிலையைத் தொட்டுவிடலாம். பின்சீட்டில் மூன்று வயதுப் பிள்ளையும் ஒரு கைக்குழந்தையும் இருந்தால் அதே சாலை ஒன்றேமுக்கால் மணி நேரம் எடுக்கும். கிணத்துக்கடவுக்கு முன்னால் ஒன்றுக்கு என்று ஒரு நிறுத்தம், பால் கொடுக்க இன்னொன்று, கீழே விழுந்த பொம்மைக்காக மற்றொன்று.

சிறு குழந்தைகளோடு போகும் பயணத்தில் கிலோமீட்டரை வைத்துத் திட்டம் போடுவதுதான் முதல் தவறு. குழந்தையின் தூக்கத்தையும் பசியையும் வைத்து நாளை வகுத்துக்கொண்டு, அதற்குள் அடங்குகிற ஊரைத் தேட வேண்டும். ஆறு மாதத்திலிருந்து ஏழெட்டு வயது வரை உள்ள பிள்ளைகளோடு, ஒரு இரவு தங்கி வருகிற பயணத்துக்கான வழிமுறை இது.

முதலில் குழந்தையின் நேரத்தை எழுதுங்கள்

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னால், வீட்டில் இரண்டு நாள் கவனித்து எழுதி வையுங்கள்: எத்தனை மணிக்கு எழுகிறது, எப்போது பசிக்கிறது, மதியம் எப்போது கண் சொக்குகிறது, எவ்வளவு நேரம் தூங்குகிறது. பெரும்பாலும் ஒன்றிலிருந்து நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு மதியம் 12.30 முதல் 2.30-க்குள் ஒரு தூக்கம் விழும். அந்தத் தூக்கம் தவறினால் மாலை 5 மணிக்கு எந்தப் பூங்காவும் எடுபடாது. அழுகைதான்.

எழுதியதைப் பார்த்து மூன்று முடிவுகள் எடுங்கள். நீண்ட ஓட்டத்தைத் தூக்க நேரத்தோடு பொருத்துங்கள். காலை 7.30-லிருந்து 11.30 வரை உள்ள நேரத்தை ஊர் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் தெளிவாக இருப்பது அப்போதுதான், வெயிலும் ஏறியிருக்காது. ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம் போதும். இரண்டாவது இடம் இருக்கலாம், ஆனால் அதை விட்டுவிட்டாலும் யாருக்கும் வருத்தம் வராத இடமாக இருக்க வேண்டும்.

நேரக் கணக்குக்கு எளிய வழி: கைபேசி வரைபடம் காட்டும் நேரத்தோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். ஒன்றரை மணி நேரம் என்று காட்டினால் இரண்டு மணி நேரம். கைக்குழந்தை இருந்தால், இடையில் பால் கொடுக்க நிறுத்தும் ஒவ்வொரு முறைக்கும் 20 நிமிடம் தனி. ஒரே மூச்சில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம். ஒரு நாளில் மொத்த ஓட்டம் நான்கு மணி நேரத்தைத் தாண்டினால், அந்தத் திட்டத்தில் ஓர் ஊரை வெட்டுங்கள்.

எந்த இடம், எதை விடுவது

சிறுபிள்ளைகளுக்குக் காட்சிமுனை பிடிபடாது. 'அங்கே பார், மலை' என்றால் ஒரு நொடி பார்த்துவிட்டுக் கீழே கிடக்கும் கூழாங்கல்லை எடுக்கும். தண்ணீர், மிருகம், ஓட இடம் இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருக்கிற ஊர்தான் அவர்களுக்கு ஊர். அந்தக் கணக்கில் கொங்கு நாட்டின் தெற்கு ஓரம் நல்ல தேர்வு. ஆனைமலை அடிவாரத்தை ஒட்டி ஆழியாறு, திருமூர்த்தி, அமராவதி என்று மூன்று அணைகள். மலை ஏறாமலே மலையைப் பார்த்துக்கொண்டு போகலாம். சாலை பெரும்பாலும் சமதளம், இருபுறமும் தென்னை.

வால்பாறையை ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கும் பயணத்தில் சேர்க்காதீர்கள். ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலையில் 70. மேலே அழகு இருப்பது உண்மைதான். ஆனால் போய்ச் சேரும்போது பின்சீட்டில் யாரும் அதை ரசிக்கிற நிலையில் இருக்க மாட்டார்கள். போயே ஆக வேண்டுமென்றால் மேலே ஓர் இரவாவது தங்குங்கள், ஒரே நாளில் ஏறி இறங்க வேண்டாம். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். வால்பாறைக்கும் பிறகு அந்த முறை வந்திருக்கிறது. அரசின் இ-பாஸ் தளத்தில் முந்தின நாளே எடுத்துவிட வேண்டும். சோதனைச் சாவடியில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு விவரம் நிரப்புவது சரிப்படாது.

உடுமலை வரை போகிறோமே, பழனி 35 கிலோமீட்டர்தானே என்று வீட்டில் ஒரு குரல் எழும். குழந்தையோடு பழனி என்பது தனிப் பயணம். விஞ்சுக்கும் ரோப் காருக்கும் வரிசை உண்டு. காற்று பலமாக அடித்தால் ரோப் கார் நின்றுவிடும். மதியக் கல்தரையில் பிஞ்சுக் கால் வைக்க முடியாது. அதை இன்னொரு வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நாள்

டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை மிக நல்ல காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் பலமாக அடிக்கும். காற்றாலைகள் எல்லாம் சுழலும், பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம்தான். ஆனால் கைக்குழந்தைக்குக் காதை மூடும் குல்லா வேண்டும், கண்ணில் மண் விழும். மலையில் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் அருவிகளை வனத்துறை அடைத்துவிடும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை. ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி விடுமுறை என்பதால் கூட்டம் வரும். ஆனால் காலை 11 மணிக்கு மேல் பூங்காச் சறுக்கு மரத்தின் தகடு தொடையைச் சுடும். கோடையில் போனால் எல்லா நேரத்தையும் ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்திக்கொள்ளுங்கள்.

தவிர்க்க வேண்டிய நாட்கள் சில உண்டு. தைப்பூசத்துக்கு முந்தைய வாரம், பங்குனி உத்திரத்துக்கு முந்தைய நாட்கள்: பழனி போகும் சாலைகளில் பாதயாத்திரைக் கூட்டம் இரவும் பகலும் நடக்கும். காணும் பொங்கல், அதாவது நம் ஊரில் பூப்பறிக்கும் நோன்பு: அணை, ஆறு எல்லா இடத்திலும் வண்டி நிறுத்த இடம் இருக்காது. ஆடி அமாவாசை, ஆடிப்பெருக்கு: பவானி கூடுதுறை, கொடிவேரி, திருமூர்த்திமலை நிரம்பி வழியும். முடிந்தால் சனி, ஞாயிறை விட்டு ஒரு வார நாளைப் பிடியுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு ஒரு நாள் பள்ளி தவறினால் உலகம் முழுகாது.

வண்டியும் இருக்கையும்

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால் வண்டியைப் பாருங்கள். முந்தின இரவு பார்த்தால் கோளாறு தெரிந்தும் சரிசெய்ய நேரம் இருக்காது. டயர் காற்றை வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும். ஓட்டுநர் பக்கக் கதவு நிலையில் ஒட்டியிருக்கும் அட்டவணையில், ஆள் நிறைய ஏறினால் வைக்க வேண்டிய அளவு தனியாக இருக்கும், அதைப் பின்பற்றுங்கள். ஸ்டெப்னியிலும் காற்று இருக்கிறதா என்று பாருங்கள், பலரும் மறப்பது அதைத்தான். ஜாக்கி, வீல் ஸ்பேனர் இரண்டும் சாமான்களுக்கு அடியில் புதையாமல் எட்டும் இடத்தில் இருக்கட்டும். பின் கதவை நடுச்சாலையில் பிள்ளை திறந்துவிடாமல் இருக்க சைல்டு லாக் உண்டு: கதவைத் திறந்தால் அதன் விளிம்பில் ஒரு சிறு நெம்புகோல் தெரியும். இரண்டு பக்கமும் போட்டுவிட்டு, உள்ளேயிருந்து திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். சேலம், ஈரோட்டிலிருந்து கோவை வழியாக வருபவர்களுக்கு விஜயமங்கலம், கணியூர் சுங்கச்சாவடிகள் உண்டு. ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கட்டும்.

இனி பிள்ளை உட்காரும் இடம். நம் பக்கம் பெரும்பாலும் அம்மா மடி, இல்லையென்றால் அம்முச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) மடி. பாசத்தில் குறையில்லை, ஆனால் கணக்கு உதைக்கிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி மோதி நின்றால், 10 கிலோ குழந்தை முன்னால் பாயும் விசை நூறு கிலோவுக்கு மேல் போகும். எந்தக் கையும் அதைப் பிடித்து நிறுத்தாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவும், 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது.

கைக்குழந்தைக்குப் பின்பக்கம் பார்த்த இருக்கை. இரண்டு வயது வரை, இருக்கை தாங்கினால் அதற்கு மேலும், அப்படியே வைத்திருப்பது நல்லது. கழுத்தும் முதுகும் ஒன்றாகத் தாங்கப்படும். பிறகு முன்பக்கம் பார்த்த இருக்கை, அதன்பின் வண்டியின் பெல்ட் தோளிலும் இடுப்பிலும் சரியாகப் பொருந்தும் உயரம் வரும் வரை, அதாவது ஏறக்குறைய 4 அடி 9 அங்குலம் வரை, பூஸ்டர் (பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கும் துணை இருக்கை). ஏர்பேக் உள்ள முன்சீட்டில் பின்பக்கம் பார்த்த இருக்கையை வைக்கவே கூடாது. ஏர்பேக் வெடித்தால் நேராகக் குழந்தையின் தலைக்குப் பின்னால்தான் அடிக்கும்.

மாட்டியது சரியா என்று சோதிக்க இரண்டு பரிசோதனை போதும். பெல்ட் நுழையும் இடத்தில் இருக்கையைப் பிடித்து ஆட்டுங்கள்; ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. பிள்ளையை உட்கார வைத்துத் தோள்பட்டையை இறுக்கியபின், அந்தப் பட்டையை விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு வந்தால் இன்னும் தளர்வு என்று அர்த்தம். வெயிலில் நிறுத்திவிட்டுப் போகும்போது இருக்கையின் மேல் ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டு மூடுங்கள், இல்லையென்றால் கொக்கி சுடும். புதிதாக வாங்கினால் முதல் முறையாக இந்தப் பயணத்தில் உட்கார வைக்காதீர்கள். ஒரு வாரம் வீட்டுக் கூடத்தில் வைத்து அதில் விளையாட விடுங்கள், பிறகு மார்க்கெட் வரை ஒரு ஓட்டம். பழகாத இருக்கையில் நேராக 40 கிலோமீட்டர் என்றால் கத்தல்தான் மிஞ்சும், பத்தாவது கிலோமீட்டரில் யாராவது இரங்கி மடிக்கு எடுத்துவிடுவார்கள்.

தேநீர் வாங்கப் போகும் ஐந்து நிமிடத்துக்குக்கூடப் பிள்ளையை மூடிய வண்டிக்குள் விடாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் பத்து நிமிடத்தில் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வைப்பதால் அது குறையாது.

சாப்பாட்டுக் கூடை

வழியில் கடை இல்லாமல் இல்லை. ஆனால் பசி வந்த நேரத்துக்குக் கடை வராது. காலைச் சாப்பாட்டையும் ஒரு நொறுக்குத் தீனி நேரத்தையும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். மதியம் கடையில் சாப்பிடலாம்.

காலைக்கு இட்லி போல வேறெதுவும் இல்லை. தேங்காய்ச் சட்னி வேண்டாம். கோடையில் இரண்டு மூன்று மணி நேரத்திலேயே கெட்டுவிடும். இட்லியை ஆறவிட்டு, நல்லெண்ணெயில் குழைத்த காரம் குறைந்த பொடியைத் தடவி, வாழை இலையில் மடித்து டப்பாவில் வையுங்கள். சூட்டோடு மூடினால் வேர்த்து நொசநொசத்துப் போகும். அரிசியும் பருப்பும் சாதம் நமக்கு உயிர்தான், ஆனால் ஆறினால் கட்டிதட்டிப் பிள்ளை தொண்டையில் இறங்காது. அதை ஊருக்குத் திரும்பிய இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தயிர்சாதம் கட்டினால் குழைந்த சாதத்தில் காய்ச்சி ஆறிய பாலை நிறைய ஊற்றி, ஒரு கரண்டித் தயிர் மட்டும் விட்டுப் பிசையுங்கள். மதியத்துக்குள் அது பதமாகத் தோய்ந்திருக்கும். முழுக்கத் தயிரே ஊற்றினால் புளித்துவிடும்.

கடலை உருண்டை, முழு நிலக்கடலை, பட்டாணி, முறுக்குத் துண்டு ஆகியவற்றை ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு ஓடும் வண்டியில் கொடுக்க வேண்டாம். ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கும் நேரத்தில் மூச்சுக்குழலில் போய் அடைக்கும், முன்னால் இருப்பவர் திரும்பிப் பார்ப்பதற்குள் காரியம் மிஞ்சிவிடும். வாழைப்பழம், உரித்த ஆரஞ்சுச் சுளை, மெத்தென்ற பன், பொரி போதும். தண்ணீர் ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் கணக்கு, ஸ்டீல் பாட்டிலில். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கும் தட்டுகளுக்கும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. வனச் சாவடிகளில் பையைத் திறந்து பார்ப்பார்கள். ஃபிளாஸ்க்கில் வெந்நீர் கட்டாயம். பால்பொடி கரைக்க, புட்டி கழுவ, ஆறிய சோற்றை இளக்க எல்லாவற்றுக்கும் அது வேண்டும்.

வாந்தி

பயணத்தைக் கெடுப்பதில் இதற்குத்தான் முதலிடம், அதனால் கொஞ்சம் விரிவாக. உள்காது வண்டி அசைவதை உணர்கிறது. கண்ணோ முன்சீட்டின் முதுகையோ கைபேசித் திரையையோ பார்த்து 'அசையவில்லை' என்கிறது. இரண்டுக்கும் ஒத்துப்போகாததுதான் குமட்டல். இரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இது அரிது. இரண்டிலிருந்து பன்னிரண்டு வரைதான் அதிகம். மலைப்பாதை மட்டும் காரணமில்லை. சமதளச் சாலையில் அரை மணி நேரம் கார்ட்டூன் பார்த்தாலும் வரும்.

ஆகவே ஓடும் வண்டியில் கைபேசியைக் கொடுக்காதீர்கள். நிறுத்திய இடத்தில் பார்க்கட்டும். வாந்தி வரும் பிள்ளையைப் பின்சீட்டு நடுவில், முன்கண்ணாடி தெரியும்படி அமர்த்துங்கள். ஏழு பேர் வண்டியின் கடைசி வரிசை அவர்களுக்கு ஆகாது, அங்கே அப்புச்சியையோ (தாத்தாவையோ) சாமானையோ ஏற்றுங்கள். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி போதும். வெறும் வயிறும் குமட்டும், வயிறு நிறையப் பாலும் குமட்டும். வண்டிக்குள் தொங்கும் வாசனைப் புட்டியைக் கழற்றிவிடுங்கள். வெளியே பார்க்க வைக்க விளையாட்டுகள் இருக்கின்றன: உடுமலைச் சாலையில் எந்தப் பக்கம் காற்றாலை அதிகம், எது சுற்றவில்லை, எந்தத் தோப்பில் காய்ப்பறிப்பு நடக்கிறது.

வரப்போகிறது என்பதற்கு அடையாளம் உண்டு. கலகலவென்று பேசிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று அமைதியாகும், கொட்டாவி விடும், முகம் வெளுக்கும், எச்சிலை விழுங்கும். அந்த நிமிடமே ஓரம் கட்டி இறக்கி நடக்க விட்டால் பாதி நேரம் தப்பிக்கலாம். ஆனாலும் மூடி போட்ட சிறு பிளாஸ்டிக் வாளி ஒன்று காலடியில் இருக்கட்டும். பைகளைவிட அது மேல். பிள்ளை குறி தவறினாலும் விழும். வாந்தி எடுத்த உடனே தண்ணீர் குடிக்கக் கொடுத்தால் அதுவும் வெளியே வரும். வாயைக் கொப்பளிக்க விட்டு, 10 முதல் 15 நிமிடம் கழித்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். சீட்டில் பட்டதைத் துடைத்துவிட்டு ஆப்பசோடாவைத் தூவி விட்டுவைத்தால் நாற்றம் இழுக்கும். இரவு தங்கும் இடத்தில் தட்டிவிடலாம். அரைக் கிலோ டப்பா எல்லாம் தேவையில்லை, 100 கிராம் போதும்.

மருந்து வேண்டுமென்றால் குழந்தை மருத்துவரிடம் எடைக்கேற்ற அளவைக் கேட்டு வாங்குங்கள், பெரியவர் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது ஆபத்து. வாந்தி மருந்து சில பிள்ளைகளைத் தூங்க வைப்பதற்குப் பதில் ஆட்டம் போட வைக்கும். அது எந்த ரகம் என்பதும் மருத்துவரைக் கேட்டுவிட்டு வீட்டில் இருக்கும்போதே தெரிந்துகொள்வது நல்லது.

முதல் நாள்: ஆழியாறு

இது கோவையிலிருந்து கிளம்புபவர்களுக்கான கணக்கு. சாமான் எல்லாம் முந்தின இரவே வண்டியில் ஏறிவிட வேண்டும். ஆளுக்கு ஒரு மாற்று உடை, இரண்டு டயப்பர், துண்டு, ஈரத்துணி இவை உள்ள 'கைப்பை' மட்டும் டிக்கியில் போகாமல் அம்மாவின் காலடியில். டயப்பர் கணக்கு: மூன்று மணி நேரத்துக்கு ஒன்று, அதோடு மூன்று கூடுதல். கழிவறைக்குப் பழகிய இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைக்குச் மலம், சிறுநீர் கழிக்க உட்கார வைக்கும் சின்ன பிளாஸ்டிக் இருக்கை (பாட்டி சீட்) ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையோரக் கழிவறைகளின் நிலையைப் பார்த்தால் அது தங்கம்.

காலை 6.15-க்குக் கிளம்பினால் நகர நெரிசலுக்கு முன் உக்கடத்தைத் தாண்டலாம். தூங்கும் பிள்ளையை அப்படியே இருக்கைக்கு மாற்றுங்கள், பல் துலக்குவதெல்லாம் பொள்ளாச்சியில். 8 மணிக்குப் பொள்ளாச்சியில் இட்லி டப்பாவைத் திறங்கள். உட்கார இடமும் கழிவறையும் உள்ள ஓர் உணவகத்தில் பெரியவர்கள் காபியாவது சொல்லிவிட்டால் அதைப் பயன்படுத்தக் கூச்சம் இருக்காது. அங்கிருந்து ஆழியாறு சுமார் 24 கிலோமீட்டர். கடைசிப் பத்து கிலோமீட்டரில் மலை நெருங்கி வருவது பிள்ளைகளுக்கும் தெரியும்.

பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டத்தின் அணை இது. கீழே பூங்காவில் ஓட்டம், சறுக்கல், ஊஞ்சல் முடித்துவிட்டு அணை மேலே போங்கள். முதலில் மேலே ஏற்றினால் 'தூக்கு' என்று கையை நீட்டிவிடும், பிறகு பூங்காவிலும் இறங்காது. 9 மணியிலிருந்து 11.15 வரை இங்கே போதும். குரங்குகள் உண்டு. கையில் தின்பண்டத்தோடு பிள்ளையை நடக்க விடாதீர்கள், கவரின் சரசரப்புச் சத்தமே அவற்றுக்கு அழைப்பு. கீறினாலோ கடித்தாலோ சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, சின்னக் கீறல்தான் என்று விட்டுவிடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

அணைக்கரைக் கடைகளில் மீன் வறுவல் வாசனை இழுக்கும். பிள்ளைக்கு வேண்டுமென்றால் மிளகாய் தடவாத துண்டைத் தனியாகப் போடச் சொல்லி, முள் குறைந்த நடுத்துண்டை நீங்களே பிய்த்துக் கொடுங்கள். எண்ணெய் கருத்திருந்தால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள்.

குரங்கு அருவி இன்னும் மேலே, வால்பாறைச் சாலையில் இருக்கிறது. தண்ணீர் அளவைப் பொறுத்துத்தான் விடுவார்கள். பாறை வழுக்கும், இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் ஒரு குழந்தையுமாக அங்கே இறங்க வேண்டாம்.

12.30-க்குப் பொள்ளாச்சிக்குத் திரும்பி, சாப்பிட்டு, அறைக்குப் போய்ப் பிள்ளையைத் தூங்க வையுங்கள். பெரும்பாலான விடுதிகளில் மதியம் 12 மணிக்கு அறை கிடைக்கும். முன்பதிவு செய்யும்போதே நான்கு கேள்விகள் கேளுங்கள்: தரைத்தளமா அல்லது லிஃப்ட் உண்டா, வெந்நீர் எந்த நேரத்தில் வரும், மாடியென்றால் பால்கனிக் கம்பி இடைவெளி எவ்வளவு, ராத்திரி பால் காய்ச்சித் தருவார்களா. தோப்புக்குள் இருக்கும் தங்குமிடம் என்றால் ஐந்தாவது ஒன்று: கிணறும் தொட்டியும் மூடியிருக்கின்றனவா. தென்னந்தோப்பில் தங்கினால் மரத்தடியில் பாயை விரிக்காதீர்கள். மட்டையும் காயும் சொல்லிக்கொண்டு விழாது.

மாலை முழுவதும் சும்மா இருங்கள். வாய்க்கால் ஓரம் ஒரு நடை, ஒரு இளநீர், 7 மணிக்குச் சோறு, 8 மணிக்குப் படுக்கை. வீட்டுப் போர்வையும் தலையணையும் கொண்டுவந்திருந்தால் புது இடத்தில் தூக்கம் வரும்.

இரண்டாம் நாள்: அமராவதி

7.30-க்குக் கிளம்பி, சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி உடுமலையில் காலைச் சாப்பாடு. அங்கிருந்து அமராவதி அணை இன்னும் 25 கிலோமீட்டர். 9.45-க்குள் அங்கே இருக்கப் பாருங்கள். காரணம் முதலை. 1975-இல் தொடங்கிய முதலைப் பண்ணை இங்கே இருக்கிறது. இருப்பவை சதுப்புநில முதலைகள். காலை வெயிலில் கரையேறி வாயைப் பிளந்து கிடக்கும். உச்சி வெயிலில் தண்ணீருக்குள் போய்விட்டால் பிள்ளைக்குத் தெரிவது இரண்டு மூக்குத் துளைதான்.

இங்கே ஒரே விதி: பிள்ளையைச் சுவர் மேல் உட்கார வைக்கவோ நிற்க வைக்கவோ கூடாது, படத்துக்காக ஒரு நொடிகூட. தோளில் ஏற்றிக் காட்டலாம், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி நின்று. அசையாமல் கிடக்கிறதே என்று கல் எறியும் பெரியவர்களைப் பார்த்துப் பிள்ளை கற்றுக்கொள்ளும் முன் அடுத்த தொட்டிக்கு நகர்ந்துவிடுங்கள்.

11.15-க்குக் கிளம்பி உடுமலையில் 12.15-க்குச் சாப்பாடு. 1 மணிக்கு வண்டி நகரும்போது பிள்ளை தூங்கியிருக்கும். கோவைக்குச் சுமார் 72 கிலோமீட்டர், தூக்கத்திலேயே வீடு. திருப்பூர்க்காரர்கள் பல்லடம் வழியாகவும், ஈரோட்டுக்காரர்கள் தாராபுரம், காங்கேயம் வழியாகவும் போகலாம். காங்கேயம் பக்கம் போனால் சாலையோரக் காட்டில் மேயும் மாடுகளைக் காட்ட மறக்காதீர்கள்.

திருமூர்த்திமலையை அமராவதிக்கு மாற்றாக வைத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் ஒரே காலையில் அடைக்காதீர்கள். அது உடுமலையிலிருந்து 20 கிலோமீட்டர். அமணலிங்கேஸ்வரர் கோயிலை ஒட்டி ஓடும் பாலாற்றில் தண்ணீர் கணுக்கால் அளவு இருக்கும் நாட்களில் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் மலைமேல் மழை பெய்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் இறங்கிக் கோயிலைச் சூழ்ந்துவிடும். மேற்கே மேகம் கருத்திருந்தாலோ, தெளிந்திருந்த தண்ணீர் கலங்கினாலோ உடனே கரையேறுங்கள். பஞ்சலிங்க அருவிக்குக் காட்டுவழியே ஏற வேண்டும். ஐந்து வயதுக்கு மேல் நடக்கிற பிள்ளைக்கு மட்டும்.

மொத்த ஓட்டம் 240 கிலோமீட்டர், சுற்றலோடு 265 என்று வையுங்கள். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு 18 லிட்டர். மாலை 7-க்கு மேல் உடுமலைச் சாலைகளில் ஓட்டாமல் இருப்பது உத்தமம்: பின்விளக்கில்லாத கரும்பு டிராக்டர், தேங்காய் மட்டை லாரி, வெள்ளைக் கோடு அழிந்த வேகத்தடை.

ஈரோட்டிலிருந்து ஒரு நாள் மட்டும் என்றால்

கோபிச்செட்டிபாளையம் வழியாகக் கொடிவேரி. பவானி ஆற்றின் குறுக்கே 1125-இல் கொங்காள்வான் கட்டியதாகச் சொல்லப்படும் தடுப்பணை. காலை 8.30-க்கே போய்விடுங்கள், 11 மணிக்கு மேல் கூட்டம் பிள்ளையைக் கையைவிட்டுப் பிரிக்கும். பாறையில் பாசி உண்டு, ஆகவே வார் உள்ள ரப்பர் செருப்போடு இறங்கட்டும். முழங்கால் ஆழத்துக்கு மேல் வேண்டாம். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், கை எட்டும் தூரத்தில், கைபேசி இல்லாமல். காற்றடைத்த ட்யூப் விளையாட்டுப் பொருள்தான், உயிர் காக்கும் கருவி அல்ல. பவானிசாகரில் தண்ணீர் கூடுதலாகத் திறந்தால் குளிக்கத் தடை போடுவார்கள், அதனால் அன்றைய செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அங்கிருந்து சத்தியமங்கலம் தாண்டி 16 கிலோமீட்டரில் பவானிசாகர். 1955-இல் முடிந்த, ஏறக்குறைய 8 கிலோமீட்டர் நீள மண் அணை. அதன் அடியில் நிழல் நிறைந்த பூங்கா. மதியச் சாப்பாட்டை அங்கே மரத்தடியில் வைத்துக்கொண்டு, தூக்க நேரத்தில் வீடு திரும்பலாம். பண்ணாரியைத் தாண்டித் திம்பம் ஏற வேண்டாம். 27 கொண்டை ஊசி வளைவு, லாரி நெரிசல், யானை நடமாட்டம், இரவுப் போக்குவரத்துத் தடை எல்லாம் அந்தச் சாலையில் இருக்கின்றன.

எந்த அணையாக இருந்தாலும் நீர்த்தேக்கத்தின் கரையும் மதகுக்குக் கீழே உள்ள ஆறும் குளிக்கும் இடமல்ல. மேலே அமைதியாகத் தெரியும் தண்ணீருக்கு அடியில் சேறும் குழியும் இருக்கும்.

மருந்துப் பையும் அவசர எண்களும்

எடைக்கேற்ற அளவு எழுதிய காய்ச்சல் மருந்து, வெப்பமானி, ஓ.ஆர்.எஸ். (வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்பு சர்க்கரைப் பொடி), பிளாஸ்டர், கிருமிநாசினி, பிள்ளைக்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகள், தடுப்பூசி அட்டையின் படம். ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் 1 லிட்டருக்கு, சிறியது 200 மில்லிக்கு. எது உங்களிடம் இருக்கிறது என்று உறையைப் படியுங்கள். பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்புக் கூடி வயிற்றுப்போக்கை மோசமாக்கும். பிள்ளை ஆறு மணி நேரம் சிறுநீர் கழிக்கவில்லை, அழுதால் கண்ணீர் இல்லை, தொட்டால் தளர்ந்து கிடக்கிறது என்றால் அடுத்த இடத்தைப் பார்க்க வேண்டாம், மருத்துவமனையைப் பாருங்கள். பொள்ளாச்சியிலும் உடுமலையிலும் அரசு மருத்துவமனைகள் உண்டு.

ஆம்புலன்ஸ் 108, எல்லா அவசரத்துக்கும் 112, தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் 1033. கூட்டத்தில் பிரிந்துவிட்டால் உதவும் என்று பிள்ளையின் சட்டை உட்புறத்தில் உங்கள் எண்ணைப் பேனாவால் எழுதுங்கள். பெயரை வெளியே தெரியும்படி எழுதாதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுபவரைப் பிள்ளை தெரிந்தவர் என்று நம்பிவிடும்.

வீடு வந்ததும்

இருக்கையின் உறையைக் கழற்றி அன்றே துவைக்கப் போடுங்கள், பட்டைகளை மட்டும் ஈரத்துணியால் துடைத்தால் போதும். சோப்பில் ஊறவைத்தால் நூல் பலம் குறையும். சீட்டுக்கு அடியில் கைவிட்டுப் பாருங்கள், மறைந்த இட்லித் துண்டு மூன்றாம் நாள் எறும்பைக் கூட்டிவரும். 'கைப்பை'யைக் கலைக்காமல், தீர்ந்த டயப்பரையும் ஓ.ஆர்.எஸ்.ஸையும் மட்டும் நிரப்பி மாட்டி வையுங்கள். அடுத்த முறை பிள்ளைக்குப் பழைய அளவுச் சட்டை போதாது, மாற்று உடையை மட்டும் பெரிதாக்கி வைத்தால் சரி.